மீண்டு வந்த பதிப்புரிமையும் அதன் பதிவும்



சிரம்பானுக்குத் தெற்கே, ரெம்பாவ் போகும் வழியில் உள்ள ஊர் சுங்கை காடுட். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடம். இன்று தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. பழைய லயங்களில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் குடிபெயர்ந்து விட்டார்கள். அந்தப் பகுதியில் வாழும் ஓர் அம்மையாரின் வீட்டுக்கு அண்மையில் நாம் போயிருந்தோம். அவருடைய தகப்பனார் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1961இல் தம் சிறுகதைகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். 1984இல் காலமானார்.

அம்மையார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, பழைய துணி ஒன்றில் சுற்றி வைத்திருந்த அந்த நூலை எடுத்துக் காட்டினார். அதுதான் மிச்சமிருக்கும் ஒரே பிரதி. பிறகு அவருடைய பேரன் தன் கைப்பேசியை எடுத்து நம்மிடம் நீட்டினான். அதே நூல், அட்டை மட்டும் வேறு. அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பழைய பிரதியைப் படம் பிடித்து, கேட்பவர்களுக்கு அச்சடித்து விற்றுக் கொண்டிருக்கிறது. விலை டாலரில் போட்டிருந்தது.

"ஐயா, அப்பா புஸ்தகத்த யாரைக் கேட்டு இவங்க விக்கிறாங்க?" என்று அம்மையார் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாம் அறிந்து கொண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். பதிப்புரிமை என்பது வேறு, காப்புரிமை என்பது வேறு. புதிய இயந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அரசாங்கம் கொடுப்பது காப்புரிமை. விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். கதை, கவிதை, பாட்டு, ஓவியம் ஆகியவற்றைப் படைத்தவனுக்கு உள்ளது பதிப்புரிமை. மலேசியாவில் இது எழுதி முடித்த அந்தக் கணத்திலேயே பிறந்து விடுகிறது. எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்த பிறகு 50 ஆண்டுகளும் அது நிற்கும். ஆக, நம் ஆசிரியரின் நூலுக்கு மலேசியாவில் 2034ஆம் ஆண்டு முடியும் வரை உரிமை இருக்கிறது. இது வரையில் சிக்கல் ஒன்றுமில்லை.

சிக்கல் அமெரிக்காவில்தான். அந்த நாட்டின் பழைய சட்டம் மற்ற நாடுகளைப் போன்றதல்ல. அங்கே நூலில் பதிப்புரிமைக் குறியும் பெயரும் ஆண்டும் முறைப்படி அச்சிட்டிருக்க வேண்டும். பிறகு 28ஆம் ஆண்டில் மறுபடியும் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் படைப்பு பொதுச் சொத்தாகி விடும். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அமெரிக்காவோடு பதிப்புரிமை உடன்பாடு இல்லாத நாட்டில் வெளியான நூலுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. சுங்கை காடுட் பக்கத்தில் பெரட்டுக்குப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் போன பிறகு பள்ளிக்கூடத்தைத் திறக்கும் ஓர் ஆசிரியர், வாஷிங்டனுக்கு விண்ணப்பம் அனுப்புவாரா? அவர் பெயரைப் போடவே கூச்சப்பட்டுப் புனைபெயரில் எழுதியவர்.

பெர்ன் ஒப்பந்தம் என்பது 1886இல் ஏற்பட்ட பழைய உலக உடன்பாடு. சடங்கு எதுவும் இல்லாமலே உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை. அமெரிக்கா அதில் சேராமல் நூறாண்டுக்கும் மேலாக விலகி நின்று, 1989 மார்ச் 1ஆம் நாள்தான் உள்ளே வந்தது. மலேசியா 1990 அக்டோபர் 1ஆம் நாள் சேர்ந்தது. ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவில் பொதுச் சொத்தாகிவிட்ட அயல்நாட்டுப் படைப்புகளை அமெரிக்கா அப்படியே விட்டு வைத்தது. பிறகு உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை வந்தது. நம் பத்திரிகைகள் 'காட் ஒப்பந்தம்' என்று பக்கம் பக்கமாக எழுதினவே, அதுதான். அதை நிறைவேற்ற அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. 1994 டிசம்பர் 8ஆம் நாள் அதிபர் கிளின்டன் அதில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, இழந்த உரிமையை அயல்நாட்டுப் படைப்புகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. 1996 ஜனவரி 1ஆம் நாள், யாரும் விண்ணப்பிக்காமலே, அந்த உரிமை தானாக உயிர் பெற்றது.

தானாக என்ற சொல்லை நேயர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். பதிவு செய்தால்தான் உரிமை மீளும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. அந்த ஆசிரியரின் குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல், தகரப் பெட்டிக்குள் இருந்த அந்த நூலுக்கு அமெரிக்காவில் உரிமை வந்து சேர்ந்து விட்டது.

எல்லாப் படைப்புக்கும் வந்ததா என்றால், இல்லை. சில நிபந்தனைகள் உண்டு. அந்த 1996 ஜனவரி 1ஆம் நாளில் படைப்பின் தாய்நாட்டில் அதன் பதிப்புரிமைக் காலம் முடியாமல் இருந்திருக்க வேண்டும். பாரதியாரை எடுத்துக் கொள்வோம். அவர் 1921இல் மறைந்தார். அவருடைய பாடல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949இல் வாங்கி, பின்னர் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. அது இல்லாவிட்டாலும் இந்தியச் சட்டப்படி காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே அவர் படைப்பு எதுவும் அமெரிக்காவில் மீளவில்லை. இந்தியாவில் 1992இல் செய்த திருத்தத்தின்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அதற்கு முன் 50 ஆண்டுகளே. தாகூர் 1941இல் மறைந்தவர். அவர் நூல்களின் உரிமை முடியும் தறுவாயில்தான் இந்தப் பத்தாண்டு கூடியது. இந்தக் கணக்குப்படி 1941இலோ அதற்குப் பின்னரோ மறைந்த இந்திய எழுத்தாளருக்கு வாய்ப்பு உண்டு. மலேசிய எழுத்தாளருக்கு 50 ஆண்டுக் கணக்கு.

தாய்நாடு என்றோமே, அது எது? இங்கேதான் மலாயாத் தமிழ் நூல்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. 1950களிலும் 60களிலும் இங்குள்ள எழுத்தாளர்கள் பலர் தம் கையெழுத்துப் பிரதியைச் சென்னைக்கு அனுப்பி, அங்கே அச்சிட்டு, கட்டுக் கட்டாகக் கப்பலில் வரவழைத்தார்கள். நம் ஆசிரியரின் நூலிலும் கடைசிப் பக்கத்தில் ஒரு சென்னை அச்சகத்தின் பெயர் இருந்தது. ஆனால் முன்பக்கத்தில் வெளியீட்டு முகவரி சிரம்பான். அச்சிட்ட இடத்தைச் சட்டம் பார்ப்பதில்லை. முதலில் வெளியிட்ட நாட்டைத்தான் பார்க்கிறது. ஒரே நாளில் இரண்டு நாடுகளில் வெளியாகியிருந்தால், எந்த நாட்டோடு அதற்கு நெருங்கிய தொடர்பு என்று பார்ப்பார்கள். ஆக, ஆசிரியர் நூலின் தாய்நாடு மலாயாதான். அதுவுமன்றி, வெளியான 30 நாளுக்குள் அமெரிக்காவிலும் வெளியாகியிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கவலை நமக்கு இல்லை.

மீண்ட உரிமை எத்தனை காலம் நிற்கும்? ஒழுங்காகச் சடங்குகளைச் செய்திருந்தால் அமெரிக்காவில் எவ்வளவு காலம் இருந்திருக்குமோ அவ்வளவு. 1961இல் வெளியான நூலுக்கு அது வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. அதாவது 2056 முடியும் வரை. வேடிக்கையைப் பாருங்கள்! மலேசியாவில் 2034உடன் முடிந்து, 2035இல் சிரம்பானில் யாரும் தாராளமாக அச்சடிக்கக் கூடிய நூலை, அமெரிக்காவில் இன்னும் இருபத்திரண்டு ஆண்டு தொட முடியாது. அமெரிக்கச் சட்டம் தாய்நாட்டின் குறுகிய காலத்தைப் பொருட்படுத்துவதில்லை. இது நியாயந்தானா என்று கேட்டால், நமக்கே அவ்வளவு சரியாகப் படவில்லை.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். பொதுச் சொத்து என்று நம்பி, நல்லெண்ணத்தோடு பணம் போட்டுப் பழைய நூலை அச்சடித்தவர், பழைய படத்தைத் திரையிட்டவர், இசைக்குழு நடத்தியவர், இவர்கள் கதி என்ன? நேற்றுவரை சரியாக இருந்தது இன்று குற்றமாகி விட்டதே? அவர்களுக்காகச் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்தது. 1994 டிசம்பர் 8க்கு முன்பே பயன்படுத்தத் தொடங்கி, தொடர்ந்து பயன்படுத்தி வந்தவர் மீது உடனே வழக்குப் போட முடியாது. உரிமையாளர் முதலில் 'என் உரிமையை வலியுறுத்தப் போகிறேன்' என்று அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த பிறகு, கையிருப்பை விற்றுத் தீர்க்க அவருக்கு 12 மாதம் உண்டு. ஆனால் அறிவிப்புக்குப் பின் புதிதாக ஒரு பிரதியும் அச்சடிக்கக் கூடாது.

இந்த அறிவிப்பைக் கொடுக்க இரண்டு வழி. ஒன்று, வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தின் ஒரு பிரிவான பதிப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்வது. அதை அவர்கள் அரசிதழில் 1996 மே மாதம் முதல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலாக வெளியிட்டார்கள். அந்தப் பட்டியலில் வந்துவிட்டால் நாட்டிலுள்ள எல்லாப் பழைய பயனாளருக்கும் அறிவித்ததாகவே பொருள். கட்டணம் ஒரு தலைப்புக்கு 30 டாலர்; கூடுதல் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர். ஆனால் அந்தக் கதவு 1997 டிசம்பர் 31உடன் மூடி விட்டது. மற்றொரு வழி, பயன்படுத்துகிறவருக்கு நேரடியாகக் கடிதம் அனுப்புவது. இதற்குக் காலவரையறை இல்லை, இன்றும் அனுப்பலாம். அந்த இரண்டு ஆண்டுகளில் நம் தோட்டப்புறத்து வீடு ஒன்றிலிருந்தாவது அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போயிருக்குமா என்பது நமக்கு ஐயமே. செய்தியே இங்கு வந்து சேரவில்லை. அறிவிப்பில் தெரிந்தே பொய்யான விவரம் கொடுத்தால் அந்த அறிவிப்பின் பேரில் கோரிய எல்லாமே செல்லாது என்றும் சட்டம் சொல்கிறது. இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தை எதிர்த்து அமெரிக்காவிலேயே பெரிய வழக்கு ஒன்று நடந்தது. லாரன்ஸ் கோலன் என்ற இசைக்குழு நடத்துநரும் வேறு சிலரும் தொடுத்தது. ருஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபீவின் 'பீட்டரும் ஓநாயும்' போன்றவற்றை அதுவரை இலவசமாக வாசித்து வந்தவர்கள், இனிப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. பொதுமக்களின் கையில் இருந்ததைப் பிடுங்கிக் கொள்ள நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பது அவர்கள் கேள்வி. 2012 ஜனவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்ற கணக்கில், உண்டு என்று தீர்ப்பளித்தது. மறுத்து எழுதிய நீதிபதி பிரையரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. எங்கோ ஒரு பள்ளி இசைக்குழு ஒரு பாட்டை வாசிக்க, உரிமையாளர் யார் என்று தேடியே களைத்துப் போகும் என்றால் அதனால் யாருக்கு லாபம்?

சரி, நம் ஆசிரியரின் நூலுக்குத் திரும்புவோம். அமெரிக்க நிறுவனம் அதை விற்கத் தொடங்கியது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே அவர்கள் 1994க்கு முன்பு நம்பிச் செய்தவர்கள் அல்லர். பன்னிரண்டு மாதச் சலுகை அவர்களுக்குக் கிடையாது, முன்னறிவிப்பும் தேவையில்லை. அயல்நாட்டுப் படைப்பானதால் அங்கே வழக்குத் தொடரப் பதிவும் கட்டாயமில்லை.

பிறகு எதற்குத்தான் பதிவு? பேரன் இதைத்தான் கேட்டான். நல்ல கேள்வி. நமக்கு நேர்ந்த நட்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபிக்காமலே, சட்டம் குறித்த தொகையை இழப்பீடாகக் கேட்கலாம் என்று அமெரிக்காவில் ஒரு வசதி உண்டு. வழக்கறிஞர் செலவையும் கேட்கலாம். ஆனால் அத்துமீறல் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்திருந்தால்தான் நீதிமன்றத்தில் அது கிடைக்கும். இந்த நூலின் விஷயத்தில் அந்த ரயில் போய்விட்டது. ஆண்டுக்குப் பத்துப் பிரதி விற்கும் சிறுகதை நூலுக்கு உண்மையான நட்டம் என்று எவ்வளவு காட்ட முடியும்? வழக்கறிஞரின் முதல் கடிதத்துக்கே அது காணாது.

ஆனால் 2022 ஜூன் மாதம் அங்கே பதிப்புரிமை அலுவலகத்தின் கீழ் சிறு வழக்குகளுக்கென்று ஒரு தீர்ப்பாயம் தொடங்கியிருக்கிறது. மொத்தக் கட்டணம் 100 டாலர், இரண்டு தவணையாக. வழக்கறிஞர் வேண்டியதில்லை, எல்லாம் கணினி வழியே நடக்கும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரும் அமெரிக்காவில் உள்ளவர் மீது அங்கே முறையிடலாம். ஒரு வழக்கில் கேட்கக்கூடிய மொத்த இழப்பீடு 30,000 டாலர் வரை. காலத்தில் பதிவு செய்யாத படைப்பாக இருந்தாலும், ஒரு படைப்புக்கு 7,500 டாலர் வரை சட்டப்படியான தொகையை வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. எதிர்தரப்பு 60 நாளுக்குள் 'நாங்கள் இதற்கு உடன்படவில்லை' என்று விலகிக் கொள்ளலாம் என்பது அதன் பலவீனம். இந்தத் தீர்ப்பாயத்தின் முன் போக வேண்டுமானால், படைப்பு பதிவாகி இருக்க வேண்டும்; அல்லது பதிவுக்கு விண்ணப்பமாவது கொடுத்திருக்க வேண்டும். இப்போது பதிவின் பயன் விளங்குகிறதல்லவா?

மீண்ட படைப்புகளுக்கென்று 'காட்' என்ற பெயரிலேயே ஒரு தனிப் படிவம் வைத்தார்கள். அதில் கேட்கும் விவரங்கள் எளியவைதாம்: ஆசிரியர் யார், எந்த நாட்டவர், எந்த ஆண்டு, எந்த நாட்டில் முதலில் வெளியானது, இன்றைய உரிமையாளர் யார், அவருக்கு அது எப்படி வந்தது. நூலின் பிரதி ஒன்றும் சேர்க்க வேண்டும். இதைக் கேட்டதும் அம்மையார் பெட்டியை மூடி விட்டார். "இதக் குடுக்க மாட்டேன் ஐயா" என்றார். மீண்ட படைப்புகளுக்கு முதற்பதிப்புப் பிரதி கிடைக்காவிட்டால் மறுபதிப்போ ஒளிநகலோ கூட ஏற்கப்படும் என்று சொன்ன பிறகுதான் மறுபடியும் திறந்தார்.

படிவத்தை நிரப்பும்போதுதான் உண்மையான கடினம் தெரிந்தது. அமெரிக்காவில் அல்ல, நம் வீட்டுக்குள்ளேயே.

முதலாவது, புனைபெயர். அட்டையில் இருப்பது ஆசிரியரின் புனைபெயர். அந்த மனிதரும் இந்தப் பெயரும் ஒன்றே என்பதற்கு என்ன சான்று? நல்ல வேளையாக முன்னுரையின் அடியில் தம் சொந்தப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போட்டிருந்தார். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் பெரும்பாடு. 1950–51இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, இங்கே பலரை எழுத வைத்தது. அதன் பிறகு எத்தனையோ பேர் புனைபெயரில் எழுதினார்கள். தோட்டத் துண்டாடலின்போது வீடு மாறியபோதும், பின்னர் தோட்டங்கள் மூடப்பட்டபோதும் அவர்களுடைய காகிதங்கள் என்ன ஆயின என்று யாரைக் கேட்பது? தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது. வீட்டில் பழைய நறுக்குகளை வைத்திருப்பவர்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் நாளிதழின் பெயரையும் தேதியையும் இன்றே பென்சிலால் குறித்து வைப்பது நல்லது.

இரண்டாவது, வாரிசு. மீண்ட உரிமை முதலில் யாரைச் சேரும் என்பதைத் தாய்நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்லி ஒதுங்கிக் கொள்கிறது. ஆசிரியருக்குப் பிள்ளைகள் ஐந்து பேர். இருவர் சிரம்பான் பக்கம், ஒருவர் ஜொகூர், ஒருவர் தஞ்சாவூரில் கட்டிக் கொடுத்த மகள், ஒருவர் காலமாகி அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். தகப்பனார் உயில் எழுதவில்லை. சைக்கிளையும் கடிகாரத்தையும் பங்கு போட்டவர்கள், நூலின் உரிமையை ஒரு சொத்தாகவே நினைக்கவில்லை. எல்லாரும் ஒரு தாளில் கையெழுத்திட்டு அம்மையாருக்கு அதிகாரம் கொடுக்க மூன்று மாதம் ஆயிற்று. தஞ்சாவூர்க் கையெழுத்துத்தான் கடைசியாக வந்தது. பதிப்பாளருக்கு ஆசிரியர் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறாகும். அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இவர் சொந்தச் செலவில் வெளியிட்டவர், அந்த வகையில் தப்பித்தார்.

இங்கே மலேசியாவிலும் ஒரு பதிவேடு உண்டு. 2012 ஜூன் முதல் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில், சுருக்கமாக மைப்போ என்பார்கள், பதிப்புரிமையை விருப்பத்தின் பேரில் அறிவித்துக் கொள்ளலாம். சத்தியப் பிரமாணமும் படைப்பின் பிரதியும் கட்டணமும் வேண்டும். அந்தப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும். உரிமையைக் கொடுப்பது அந்தப் பதிவேடு அல்ல. உரிமை முன்பே இருக்கிறது. வெளிநாட்டுக்காரனிடம் பேசும்போது காட்ட ஒரு தாள் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதைச் செய்துவிட்டே அம்மையார் அமெரிக்காவுக்கு எழுதினார்.

கடிதத்தில் என்ன கேட்பது என்பதில் வீட்டில் இரண்டு கருத்து. விற்பனையை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றான் பேரன். அம்மையாருக்கு அதில் மனமில்லை. "நாப்பது வருஷமா யாரும் படிக்காத புஸ்தகம், எங்கயோ ஒருத்தர் காசு குடுத்து வாங்குறாரே" என்றார். அவருக்குக் குறை ஒன்றுதான். புதிய அட்டையில் தகப்பனார் பெயரே இல்லை. முன்னுரைப் பக்கத்தையும் விட்டுவிட்டார்கள். கடைசியில், பெயரையும் முன்னுரையையும் சேர்க்க வேண்டும், விற்பனையில் பங்கு தர வேண்டும், இல்லையேல் நிறுத்த வேண்டும் என்று எழுதுவதென முடிவாயிற்று. அதோடு பதிவு விண்ணப்பத்தையும் அனுப்பி விடுவது நல்லது என்று நாம் சொன்னோம்.

அந்த விண்ணப்பத்தில் நூலின் தலைப்பை ரோமன் எழுத்தில் எழுத வேண்டும். ஆங்கிலப் பொருளையும் கூடவே கொடுப்பது நல்லது. தலைப்பில் 'பெரட்டு' என்ற சொல் இருந்தது. விடியுமுன் மணியடித்ததும் தோட்டத்து ஆட்கள் வரிசையாக நின்று பெயர் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டு. அதற்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று பேரன் அகராதியைப் புரட்டினான். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் தோட்டத்து வாயில் பெரட்டு ஆயிற்று என்பார்கள். அதையே எழுதலாமா என்றான். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "பரேடுன்னா போலீஸ்காரன் நடக்கிறது. அப்பா எழுதுனது அது இல்ல" என்றார். கடைசியில் ரோமன் எழுத்தில் பெரட்டு என்றே எழுதி, எதிரே, விடியற்காலையில் தோட்டத் தொழிலாளரைப் பெயர் கூப்பிடுதல் என்று ஒரு நீண்ட ஆங்கில வரியைச் சேர்த்தோம். படிவத்தின் கட்டத்துக்குள் அது அடங்கவில்லை. பேரன் எழுத்தைச் சிறிதாக்கி அடக்கி விட்டான்.